கர்லாவின் நிறுத்தம்: இந்திய உடற்பயிற்சி கடற்படைத் தேர்வுக்குள் வந்த வழி

டொனால்ட் வாக்கர் 1834இல் லண்டனில் வெளியிட்ட 'பிரிட்டிஷ் மேன்லி எக்சர்சைசஸ்' நூலில் கர்லாக்கட்டைப் பயிற்சி இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ராணுவம் எடுத்துக்கொண்ட பகுதி ஒன்று. இந்திய வழக்கத்திலிருந்து தாம் புதிதாகச் சேர்ப்பதாக வாக்கர் சொல்லும், அதைவிட அழகான பகுதி மற்றொன்று. இதன்படி ராணுவம் கற்றது அரிச்சுவடி மட்டுமே. வாக்கரின் இந்த வாசிப்பை ஏற்பதற்கில்லை. ராணுவம் பாதியில் நிறுத்திய மாணவன் அல்ல. தனக்கு ஆகாததைத் தெரிந்தே தள்ளி, ஆனதை மட்டும் எடுத்துக்கொண்டது அது.

சான்று அந்த நூலிலேயே இருக்கிறது. ராணுவப் பகுதியின் முதல் பயிற்சி இப்படிப் போகிறது: இரு கைகளிலும் கட்டைகள் பக்கவாட்டில் தொங்குகின்றன. வலக்கைக் கட்டை தலைக்கு மேலாக, இடத்தோளைக் கடந்து, முதுகெலும்புக்கு வலப்பக்கம் செங்குத்தாகத் தொங்கி நிற்கிறது. இடக்கைக் கட்டை அதற்கு மேலாக எதிர்த்திசையில் வந்து மறுபக்கம் நிற்கிறது. பிறகு இரு கைகளும் தலைக்குச் சற்று மேலே உயர்ந்து, வெளிப்புறமாகவும் பின்னாலும் விரிந்து, பழைய நிலைக்கு இறங்குகின்றன. எல்லாம் மெதுவாக.

கர்லா சுற்றிப் பழகியவருக்கு இதில் உறுத்துவது ஒன்றுதான்: கட்டை நிற்கிறது. நம்மூர்ச் சுத்தில் கட்டை முதுகுக்குப் பின்னால் விழுந்த வேகத்திலேயே மறுதோளுக்கு ஏறிவிடும். நிறுத்தினால் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். வாக்கரின் படைவீரர் ஒவ்வொரு நிலையிலும் நிற்பது கற்றது போதாமல் அல்ல. அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் நிற்கிறார், எதிரே எண் சொல்லும் மேலாள் நிற்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை முழுவதும் ஒரே கணத்தில் செய்ய வேண்டுமானால் சுழற்சியைத் துண்டாக்கியே தீரவேண்டும். ஆகவே வாக்கர் 'அழகு' என்று பிரித்துக் காட்டியது, உண்மையில் எண்ணிக்கைக்கு அடங்காத மிச்சம்.

ராணுவம் இதை எந்த ஆண்டில், எந்த மாகாணத்துப் படையிடமிருந்து எடுத்தது என்பதற்கு வாக்கரின் நூல் விடை தருவதில்லை. 1834க்கு முன் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. மதராஸ் படை என்று சொல்ல ஆசைதான். ஆசை சான்றாகாது.

அதன் பிறகான கதை தெரிந்ததே. சிம் கீஹோ 1866இல் நியூயார்க்கில் கர்லாவுக்கென்றே தனி நூல் எழுதினார். 1904, 1932 ஒலிம்பிக் போட்டிகளிலும் கட்டை சுழற்றினார்கள். பிரிட்டிஷ் கடற்படையோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டு லிங் உடற்பயிற்சி முறைக்கு மாறிவிட்டது.

எண்ணிக்கைக்கு அடங்காததற்கு இன்னோர் எடுத்துக்காட்டாக, மல்லாங்கிணறு, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் வாசகருக்கு இளவட்டக்கல்லைக் காட்டினால் போதும். வழுவழுப்பான உருண்டைக் கல், பிடிமானம் கிடையாது. குத்துக்காலிட்டு அணைத்து, தொடைக்கு ஏற்றி, நெஞ்சோடு சேர்த்து உருட்டி, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால் போட வேண்டும். நெல்லைச் சீமையின் வடலிவிளையில் பொங்கலுக்கு இன்றும் நூறு கிலோவைத் தாண்டிய கற்களைத் தூக்குகிறார்கள். ஒரு கல், ஓர் ஆள், ஒரே தூக்கு. எண்ணுவதற்கு அங்கே என்ன இருக்கிறது? எந்தப் படையும் இதைக் கைக்கொள்ளாதது பாரத்தால் அல்ல, வரிசையில் நிறுத்த முடியாததால் என்றே கருதுகிறேன்.

தண்டாலும், உட்கார்ந்து எழும் பஸ்கியும் தப்பியது வரிசையில் நிறுத்தி எண்ண முடிவதால். 2022இல் அக்னிவீர் திட்டத்தில் கடற்படைக்கு ஆள் எடுத்தபோது ஆண்களுக்கான உடல்தகுதி: 1.6 கிலோமீட்டரை 6 நிமிடம் 30 வினாடியில் ஓட வேண்டும், 20 பஸ்கி, 12 தண்டால். ஒடிசாவின் ஐ.என்.எஸ். சில்காவுக்குப் பயிற்சிக்குப் போகும் மாலுமி கடக்க வேண்டியிருந்த வாசல்களில் ஒன்று இது. கருவி வேண்டாம், விசிலும் கைக்கடிகாரமும் போதும். கோதாவில் பயில்வான் நூற்றுக்கணக்கில் போடும் பஸ்கி இருபதாகச் சுருங்கிவிட்டது. ஆனால் கர்லாவைப் போல இடையில் வெட்டுப்படவில்லை.

என் வாதத்தின் மெலிந்த இடமும் இங்கேதான். உட்கார்ந்து எழுவது மனித உடம்புக்குப் பொது, அதற்குக் கோதா வம்சாவளி எதற்கு என்று கேட்கலாம். லிங் முறையிலும் முழங்கால் மடக்கல் உண்டு. ஆனால் அதில் இடுப்பில் கைவைத்து, குதிகாலை உயர்த்தி, நிலைக்கு நிலை நிறுத்தி இறங்குவார்கள். பஸ்கி ஒரே மூச்சில் கீழே போய், கைவீச்சோடு மேலே வருவது. கடற்படையின் அறிவிப்பே ஸ்குவாட் என்பதற்கு அடைப்புக்குறிக்குள் 'உட்டக் பைட்டக்' என்று கோதாப் பெயரைத் தருகிறது. பிரிட்டிஷ் மரபிலிருந்து மட்டுமே வந்திருந்தால் இந்த அடைப்புக்குறிக்குத் தேவை இருந்திராது. வட இந்தியக் கோதாக்களிலிருந்து தரைப்படை வழியாகக் கடற்படைக்கு வந்திருக்கலாம். பள்ளிக்கூட டிரில் மாஸ்டர்கள் வழியாகவும் வந்திருக்கலாம். சென்னையில் ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நினைத்தால் இரண்டாவது வழியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இப்போதைக்கு முதல் வழிக்கே என் சாய்வு. பழைய பயிற்சிக் கையேடுகளை ஆண்டுவாரியாக ஒப்பிட்டால் அது மாறவும் கூடும்.