கிரேட்டே ஹெர்மன் கண்ட ஓட்டை

குவாண்டம் இயற்பியலுக்குக் கணித அடித்தளம் போட்ட ஜான் வான் நாய்மனின் நூல் 1932-ல் வெளிவந்தது. அதற்குள் ஒரு நிரூபணமும் இருந்தது. எலெக்ட்ரான் எங்கே போய் விழும் என்பதைக் குவாண்டம் கோட்பாடு வாய்ப்புக் கணக்காகத்தான் சொல்கிறது. அந்த விளைவை முன்கூட்டியே தீர்மானிக்கும் 'மறைமாறிகள்' அடியில் ஒளிந்திருக்க வழியே இல்லை என்றது நிரூபணம். குவாண்டம் கோட்பாடு முழுமையானதா என்பதில் இயற்பியலாளர்கள் ஐன்ஸ்டைனுக்கும் போருக்கும் இடையே ஒரு வழக்கு இருந்தது. அதில் போர் தரப்பு வென்றுவிட்டது என்று பலரும் முடிவு கட்டினார்கள்.

கிரேட்டே ஹெர்மன் அப்படி நினைக்கவில்லை. 1901-ல் பிரெமனில் பிறந்து, கோட்டிங்கனில் எம்மி நோதரிடம் கணித ஆய்வுப் பட்டம் பெற்று, பிறகு கான்ட்டின் தத்துவத்தில் ஊறியவர் அவர். காரணமின்றிக் காரியமில்லை என்பதில் அசைக்க முடியாத பிடிப்பு. 1934-ல் நேரே லைப்சிக்குக்குப் போய், இயற்பியலாளர்களான ஹைசன்பெர்க்கோடும் இளம் வைட்ஸேக்கரோடும் உட்கார்ந்து வாதாடினார். என்ன துணிவு! வான் நாய்மனின் நிரூபணத்தில் உள்ள ஓட்டையைக் காட்டும் அவர் கட்டுரை மறு ஆண்டே வந்தது.

ஒருசேர அளக்க முடியாத இரு அளவுகளைக் கூட்டினால், கூட்டுத்தொகையின் சராசரி தனிச் சராசரிகளின் கூட்டுத்தொகையே. குவாண்டம் கோட்பாட்டில் இது சரி. அதே விதியை மறைமாறிகளால் நிர்ணயிக்கப்பட்ட நிலைகள்மேலும் வான் நாய்மன் சுமத்தினார்; அங்கே சராசரி என்பது அளவின் மதிப்பேதான். பின்னாளில் இயற்பியலாளர் ஜான் பெல் தந்த எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். எலெக்ட்ரானின் தற்சுழற்சியை ஒரு திசையில் அளந்தால் +1 அல்லது −1; அதற்குச் செங்குத்தான திசையிலும் அப்படியே. இரண்டின் கூட்டாக அமையும் அளவோ √2 அல்லது −√2 தான் தரும். ஒன்றோடு ஒன்றைக் கூட்டினால் √2 வராது. ஆக, விதியை ஏற்ற மாத்திரத்தில் மறைமாறிகள் அடிபட்டுப்போகின்றன. நிரூபிக்க வேண்டியதையே அனுமானமாக வைத்த வாதம் இது என்று காட்டினார் ஹெர்மன்.

அதனால் மறைமாறிகள் உண்டு என்று அவர் சொல்லிவிடவில்லை. அளவீடு முடிந்தபின் அதன் காரணச் சங்கிலியைப் பின்னோக்கிக் கட்ட முடியும்; காரண–காரியத்துக்கு அது போதும் என்றார்.

கட்டுரை வந்தது தத்துவ இதழில்; இயற்பியலாளர்கள் கண்டுகொள்ளவில்லை. நாஜி எதிர்ப்பாளரான ஹெர்மன் 1936-ல் ஜெர்மனியை விட்டு வெளியேறி, உலகப் போர் முடிந்த பிறகே பிரெமன் திரும்பினார். வான் நாய்மன் தன் அனுமானத்தை மறைக்கவில்லை. அவர் பெயரை நம்பி, நிரூபணத்தைச் சரிபார்க்காமல் மேற்கோள் காட்டியவர்களே குற்றவாளிகள்.

1952-ல் இயற்பியலாளர் டேவிட் போம் மறைமாறிகளோடு ஒரு கோட்பாட்டையே அமைத்துக் காட்டினார். ஹெர்மனைப் பற்றி அறியாமலே பெல் அதே ஓட்டையைக் கண்டு 1966-ல் வெளியிட்டார். அதற்கு முன்பே, 1964-ல், ஒருவகை மறைமாறிகள் இருந்தால் அளவீட்டு முடிவுகள் மீற முடியாத வரம்பைச் சொல்லும் அவருடைய புகழ்பெற்ற சமனின்மை வந்துவிட்டது. 1972-ல் கிளாசரும் ஃப்ரீட்மனும், 1982-ல் ஆஸ்பெயும் அதைச் சோதித்தார்கள். குவாண்டம் கோட்பாட்டின் கணிப்பே நின்றது. 1932-ன் நிரூபணம் எல்லா மறைமாறிகளுக்கும் தடை போட முற்பட்டது. பெல் விலக்கியதோ, தொலைவிலுள்ள துகள்கள் ஒன்றையொன்று உடனடியாகப் பாதிக்காது என்று கொள்ளும் மறைமாறிக் கோட்பாடுகளை மட்டுமே. போமின் கோட்பாட்டில் அத்தகைய உடனடிப் பாதிப்பு உண்டு; அதனால் அது பெல்லின் தடைக்குள் வருவதில்லை.