தேங்காய் எண்ணெயும் இருதயமும்

மார்கழி மாதக் காலைகளில் தேங்காய் எண்ணெய் வெண்ணிறமாக உறைந்து நிற்கும். பக்கத்திலுள்ள நல்லெண்ணெயோ உறையாமல் இருக்கும். இதை நம்மில் பலர் பார்த்திருப்போம். இந்தச் சிறிய வேறுபாட்டுக்குள் அடங்கிய இரசாயனந்தான், மருத்துவ உலகில் எழுபது ஆண்டுகளாக நடந்து வரும் ஒரு பெரும் விவாதத்தின் வித்து.

சமையல் எண்ணெய்கள் யாவும் கிளிசரினுடன் கொழுப்பு அமிலங்கள் சேர்ந்து உண்டானவை. கொழுப்பு அமிலத்தின் கரி அணுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லாவிட்டால் அதை 'நிறைவுற்றது' என்கிறோம். இத்தகைய சங்கிலிகள் நேராக இருப்பதால் விறகுக் கட்டைகளைப் போல நெருக்கமாக அடுங்கி, எளிதில் உறைகின்றன. நல்லெண்ணெயில் மிகுந்திருக்கும் நிறைவுறாத சங்கிலிகள் வளைந்தவை. அவை நெருங்கி அடுங்குவதில்லை. தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. அதில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். எனவேதான் சுமார் 24 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே அது கெட்டியாகிறது.

1950களில் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன்சல் கீஸ் என்பவர், நிறைவுற்ற கொழுப்பு இரத்தத்தில் கொலஸ்டிராலைக் கூட்டுகிறது என்றும், அது மாரடைப்புக்கு வழிகோலுகிறது என்றும் வாதிட்டார். 1958இல் ஏழு நாடுகளில் அவர் தொடங்கிய ஆய்வு புகழ் பெற்றது. ஆனால், அந்த ஏழில் தேங்காயை முக்கிய உணவாகக் கொண்ட நாடு ஒன்றுகூட இல்லை. அங்கு நிறைவுற்ற கொழுப்பு பெரும்பாலும் இறைச்சியிலிருந்தும் பாலிலிருந்தும் வந்தது. அப்படியானால் தேங்காயையே உண்டு வாழ்பவர்களின் கதி என்ன?

இக்கேள்விக்கு விடை தேடியவர் நியூசிலாந்து மருத்துவர் இயன் பிரையர். பசிபிக் பெருங்கடலில் உள்ள டொகலாவ், புகாபுகா ஆகிய பவளத் தீவுகளின் மக்களை அவரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தனர். அங்கு மண் வளம் குறைவு. தேங்காயும் மீனுமே வாழ்வு. 1981இல் வெளியான முடிவுகள் வியப்பூட்டின. டொகலாவ் மக்கள் தம் உணவுச் சக்தியில் 63 சதவீதத்தையும், புகாபுகா மக்கள் 34 சதவீதத்தையும் தேங்காயிலிருந்தே பெற்றனர். டொகலாவ் மக்களின் கொலஸ்டிரால் 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 35 முதல் 40 மில்லிகிராம் வரை கூடுதலாக இருந்தது. அதாவது, கீஸ் கூறியது பொய்யாகவில்லை. ஆயினும் இரு தீவுகளிலும் இரத்தக் குழாய் நோய்கள் அரிதாகவே காணப்பட்டன.

கதை இத்துடன் முடியவில்லை. 1966இல் வீசிய கடும் புயலுக்குப் பின் டொகலாவ் மக்களில் பலர் நியூசிலாந்தில் குடியேறினர். அங்கு அவர்களுடைய உணவில் நிறைவுற்ற கொழுப்பு குறைந்தது. சர்க்கரையும் மாவுப் பொருள்களும் கூடின. கொலஸ்டிரால் குறைந்திருக்க வேண்டுமல்லவா? மாறாக, தீமை தரும் எல்.டி.எல். உயர்ந்தது, எச்.டி.எல். குறைந்தது. ஆக, ஓர் உணவுப் பொருளை மட்டும் தனியே பிரித்து நலத்தையும் நோயையும் கணக்கிட இயலாது. முழு உணவையும் வாழ்க்கை முறையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இந்தப் பாடத்தை உலகம் உடனே கற்றுக்கொள்ளவில்லை. 1980களில் அமெரிக்காவில் தேங்காய் எண்ணெய்க்கும் பனை எண்ணெய்க்கும் எதிராகப் பெரும் பிரசாரம் எழுந்தது. மாரடைப்பிலிருந்து பிழைத்த பில் சோகலாஃப் என்ற தொழிலதிபர் தம் சொந்தச் செலவில் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரங்கள் வெளியிட்டார். பிஸ்கட் நிறுவனங்கள் பணிந்தன. ஆனால், தேங்காய் எண்ணெயின் இடத்தில் அவை பெரும்பாலும் சேர்த்தது எதை? ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய தாவர எண்ணெயை! அதில் 'டிரான்ஸ்' கொழுப்பு உண்டு. அது எல்.டி.எல்.லைக் கூட்டுவதோடு எச்.டி.எல்.லையும் குறைக்கிறது என்று 1990இல் நெதர்லாந்து விஞ்ஞானிகள் மென்சிங்கும் காட்டனும் நிரூபித்தனர். பேயை விரட்டிப் பூதத்தைக் குடியேற்றிய கதையாயிற்று. இந்தியாவில் 2022 முதல் உணவு எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம்.

அப்படியானால் தேங்காய் எண்ணெய் குற்றமற்றதா? அப்படியும் கூறுவதற்கில்லை. 16 பரிசோதனைகளைத் தொகுத்து 2020இல் வெளியான ஆய்வின்படி, மற்றத் தாவர எண்ணெய்களுடன் ஒப்பிடும்போது தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லைச் சுமார் 10 மில்லிகிராம் உயர்த்துகிறது, எச்.டி.எல்.லையும் 4 மில்லிகிராம் உயர்த்துகிறது. பின்னது ஆறுதலாகத் தோன்றலாம். ஆனால், எச்.டி.எல். கூடுவதாலேயே மாரடைப்பு குறையும் என்று உறுதியாகவில்லை.

தேங்காய் எண்ணெய் உடலைக் கொழுக்க வைக்காது, உடனே எரிந்துவிடும் என்ற விளம்பரங்களையும் ஆராய வேண்டும். 8, 10 கரி அணுக்கள் கொண்ட சிறிய அமிலங்கள் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குச் சென்று விரைவில் சக்தியாகின்றன என்பது உண்மையே. இவற்றைப் பிரித்தெடுத்த எண்ணெய், கொழுப்பைச் செரிக்க இயலாத நோயாளிகளுக்கு உதவுகிறது. ஆனால், தேங்காய் எண்ணெயில் இவை ஏழில் ஒரு பங்கு அளவே. 12 கரி அணுக்கள் கொண்ட லாரிக் அமிலத்தின் பெரும்பகுதி, மற்றக் கொழுப்புகளைப் போல நிணநீர் வழியே சுற்றித்தான் இரத்தத்தை அடைகிறது. ஒன்றின் நற்பெயரை மற்றொன்றுக்குச் சூட்டுவது விஞ்ஞானமாகாது.

தலைக்குத் தேய்ப்பதில் இச்சர்ச்சை ஏதும் இல்லை. லாரிக் அமிலத்தின் குறுகிய, நேரான சங்கிலி மயிரிழைக்குள் ஊடுருவிப் புரதம் இழக்கப்படுவதைக் குறைக்கிறது என 2003இல் வெளியான இந்திய ஆய்வொன்று காட்டியது. உலர்ந்த தோலுக்கும் அது நல்ல மேற்பூச்சு.

சமையலுக்கோ அளவே முக்கியம். நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி நிறைவுற்ற கொழுப்பு சுமார் 22 கிராமுக்குள் இருக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டித் தேங்காய் எண்ணெயிலேயே ஏறக்குறைய 12 கிராம் உள்ளது. பாலும் நெய்யும் தருவது இதற்கு மேல். எனவே தாளிப்பதற்கும் மணத்துக்கும் சிறிது சேர்ப்பது வேறு. மருந்தென்று நம்பிக் கரண்டி கரண்டியாகக் குடிப்பது வேறு. எல்.டி.எல். மிகுந்தவர்கள் மருத்துவரைக் கேட்டே அளவை முடிவு செய்தல் நலம். டொகலாவ் மக்கள் தேங்காயோடு மீனும் உண்டார்கள், தீவில் வாழ்ந்தவரை சர்க்கரையைக் குறைவாகவே உண்டார்கள் என்பதை, அவர்களைச் சான்றுக்கு அழைப்பவர்கள் மறந்துவிடலாகாது.