‘ராமாயணா: த லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ படத்தின் அவலக் காட்சிகள்

‘ராமாயணா: த லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ என்பது இந்தியக் கலைஞர்களும் ஜப்பானியக் கலைஞர்களும் சேர்ந்து 1992இல் உருவாக்கிய முழுநீள அனிமேஷன் திரைப்படம். யூகோ சாகோ, ராம் மோகன், கொய்ச்சி சசாகி ஆகிய மூவர் இயக்கினர். 135 நிமிடம் ஓடும் இப்படம் வால்மீகி ராமாயணத்தைத் தழுவியது, ராமன் அயோத்திக்குத் திரும்புவதோடு நிறைவு பெறுகிறது, உத்தரகாண்டத்தை எடுத்துக்கொள்ளவில்லை. மாய மான், பேசும் பறவை, பறக்கும் தேர், உறங்கும் அரக்கன் என்று பாட்டி சொல்லும் ராஜா ராணிக் கதைக்கு வேண்டியவை அனைத்தும் இதில் உண்டு. ஆயினும் பார்த்தவர் மனத்தில் நிலைத்தவை இதன் மாயங்களைவிடப் பிரிவுகளும் இழப்புகளும்தான். இந்தியக் கலைஞர்கள் பணியாற்றிய கதை அனிமேஷன் படங்களுள் அவலச் சுவையை இந்த அளவுக்கு எட்டிய படம் வேறில்லை.

வரலாற்றுப் பின்னணி

இந்தியாவில் ஓவியங்களை அசையவைக்கும் முயற்சி தாதாசாகேப் பால்கேயோடு தொடங்கியது. முறையான பயிற்சி கிடைத்தது 1956இல்தான். டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ், அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின் கீழ் பம்பாய்க்கு வந்து, பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் இளைஞர்களுக்குக் கற்பித்தார். ‘பாம்பி’ படத்தில் பணியாற்றிய கை அவருடையது. அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் ராம் மோகன். அப்பிரிவு 1957இல் தயாரித்த ‘த பேனியன் டீர்’ ஒரு புத்த ஜாதகக் கதை. கருவுற்ற பெண்மானின் முறை வந்தபோது, அதற்குப் பதிலாகத் தன் கழுத்தை வெட்டுமரத்தில் வைக்கும் மான் அரசனின் கதை அது. தன் உரிமையை, தன் உயிரை மற்றொருவருக்காக விட்டுக்கொடுப்பதே இந்திய அனிமேஷனின் தொடக்ககால அவலமாக அமைந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து ராமாயணப் படத்திலும் அதே இழை தொடர்ந்தது.

ராம் மோகன் 1968இல் பிரசாத் புரொடக்ஷன்ஸின் அனிமேஷன் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். 1972இல் தம் பெயரில் தனி நிறுவனம் தொடங்கினார். எஸ்.பி. முத்துராமன் இயக்கத்தில் ஏவி.எம். தயாரித்த ‘ராஜா சின்ன ரோஜா’ (1989) படத்தில் ரஜினிகாந்துடனும் குழந்தைகளுடனும் சேர்ந்து ஆடிய கார்ட்டூன் விலங்குகள் அவர் கைவண்ணம். ராமாயணப் படத்துக்கு முன்பே தமிழ்க் குழந்தைகள் அவருடைய ஓவியங்களைப் பார்த்துவிட்டார்கள் என்பது இதனால் விளங்கும்.

யூகோ சாகோ ஆவணப்பட இயக்குநர். தொல்லியலாளர் பி.பி. லால் அலகாபாத் அருகே மேற்கொண்ட அகழாய்வுகளைப் பற்றி ‘த ராமாயணா ரெலிக்ஸ்’ என்ற ஆவணப்படம் எடுக்க 1983இல் இந்தியா வந்தார். லால் அகழ்ந்த இடங்களுள் சிருங்கவேரபுரமும் ஒன்று; குகனின் ஊர் என்று மரபு போற்றும் கங்கைக்கரைத் தலம் அது. அந்தப் பயணத்தில்தான் சாகோவுக்கு ராமகதை அறிமுகமானது. நாடு திரும்பியவர் ஜப்பானிய மொழியில் கிடைத்த பத்து ராமாயணப் பதிப்புகளைப் படித்தார். ராமன் தெய்வமும் மனிதனுமாக இருப்பதால் நடிகரைவிட ஓவியமே அவனுக்குப் பொருந்தும் என்ற முடிவுக்கு வந்தார்.

வெளிநாட்டார் ராமாயணத்தைக் கையாளக் கூடாது என்று விசுவ இந்து பரிஷத் எதிர்ப்புத் தெரிவித்தது. செய்தியைத் தவறாகப் புரிந்துகொண்டதால் எழுந்த அந்த எதிர்ப்பு, விளக்கம் அளித்தபின் தணிந்தது. ராமாயணம் உணர்வுபூர்வமான பொருள், அதைக் கார்ட்டூனாக்க முடியாது என்று இந்திய அரசுத் தரப்பு தயங்கியதால், படம் ஜப்பானிலேயே தயாராயிற்று. இதற்கென்றே நிப்பான் ராமாயணா பிலிம் கம்பெனி தொடங்கப்பட்டது. சுமார் 80 கோடி யென் செலவில், ஏறத்தாழ 450 கலைஞர்கள், 1,00,000 அளவிலான கையோவியங்களைக் கொண்டு படத்தை முடித்தனர்.

அவலத்தின் வகைகள்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு பிறரால் இகழப்பட்டு எளியராதல். இழவு உயிரையோ பொருளையோ இழத்தல். அசைவு முன்னைய நிலை கெட்டுத் தாழ்தல். வறுமை, துய்க்க விரும்பியதைத் துய்க்க இயலாத நிலை. இப்படத்தின் உருக்கமான காட்சிகள் எல்லாம் இந்நான்கில் அடங்கும்.

அசைவு: காடு புகுதல். முடிசூட வேண்டிய நாளில் ராமன் மரவுரி தரிக்கிறான். சீதையும் இலக்குவனும் உடன் கிளம்புகிறார்கள். ஊர் மக்கள் தேரைத் தொடர்கிறார்கள். காலையில் இளவரசன், மாலையில் வனவாசி என்ற அந்த வீழ்ச்சிக்கு ராமன் முகத்தில் சலனமே இல்லை. கலங்குவது அவனைச் சுற்றி நிற்பவர்கள்தான். அழவேண்டியவன் அழாமல் நிற்பதே காண்பவரை அழவைக்கிறது. அசோகவனத்தில் அரக்கியர் நடுவே அமர்ந்திருக்கும் சீதையும் இவ்வகையில் சேர்வாள். அனுமன் கணையாழியைத் தந்ததும் இவ்வளவு நாள் அடக்கிவைத்த துயரம் அங்கே உடைகிறது.

இழவு: தசரதன், சடாயு. வாக்கைக் காத்ததால் மகனை இழந்த தசரதன் அந்தப் பிரிவிலேயே உயிர் விடுகிறான். சடாயுவின் முடிவு இன்னும் கூர்மையானது. முதிய பறவை, தோற்கப்போவது தெரிந்தே ராவணனின் தேரை மறிக்கிறது. சிறகு அறுபட்டு விழுகிறது. ராமன் வந்து சேரும்வரை உயிரைப் பிடித்துவைத்திருந்து, சீதை தென்திசைக்குக் கொண்டுபோகப்பட்டதைச் சொல்லிவிட்டுச் சாகிறது. தந்தைக்குச் செய்யக் கிடைக்காத இறுதிக்கடனை ராமன் அந்தப் பறவைக்குச் செய்கிறான் என்பதை எண்ணும்போது இக்காட்சி இரண்டு இழவுகளை ஒன்றாக்குகிறது.

போர்க்களத்தில் இலக்குவன் சாய்ந்து கிடப்பதும் இழவின் பாற்பட்டதே. அனுமன் மருந்து மலையைக் கொண்டுவருவதற்கு முந்திய பொழுதில் ராமன் அடையும் தவிப்பு, காட்டுக்குக் கிளம்பியபோது காட்டிய அமைதிக்கு நேர்மாறானது. தன் அரசு போனபோது கலங்காதவன், தம்பியை இழக்கும் நிலையில் கலங்குகிறான்.

இளிவு: வீடணன். நல்லது சொன்னதற்காக அண்ணனால் இகழப்பட்டு, நாடும் சுற்றமும் விட்டுப் பகைவர் பாசறை வாயிலில் வந்து நிற்பவன் அவன். வேவு பார்க்க வந்தவனோ என்று ஐயுறும் வானரர் நடுவே அவனை ஏற்கும் முடிவில்தான் ராமனின் பண்பு முழுமையாக வெளிப்படுகிறது.

வறுமை: பரதன். அரியணை கைக்கு எட்டியும் வேண்டியது கிட்டாத வறுமை அவனுடையது. அண்ணனைத் திரும்பிவரச் சொல்லிக் காட்டில் மன்றாடுகிறான். கிடைத்தது பாதுகை மட்டும். பதினான்கு ஆண்டும் நந்திகிராமத்தில் அந்தப் பாதுகையை வைத்து நாட்டைக் காக்கிறான். சாவு எதுவும் நிகழாத இக்காட்சியே படத்தின் மிக உருக்கமான காட்சி. ஒருவர் தமக்குரியதை விட்டுத்தரும் இடத்தில்தான் இப்படத்தின் கண்ணீர் ஊறுகிறது. மரணக் காட்சிகளும் அதன் விரிவே.

வரைந்த முறை

இவையெல்லாம் கணினி வருவதற்கு முந்திய செல் முறையில் வரைந்தவை. பென்சிலில் வரைந்த உருவத்தை ஒளி ஊடுருவும் தாளில் மையால் பிரதி எடுப்பார்கள். அதைத் திருப்பிப்போட்டுப் பின்புறத்தில் வண்ணம் பூசுவார்கள். பின்னர்ப் பின்னணி ஓவியத்தின்மேல் வைத்து, ஒவ்வொரு சட்டகமாகக் கேமராவில் பதிவுசெய்வார்கள். திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டகங்கள் ஓடும். கன்னத்தில் ஒரு துளி கண்ணீர் வழிய வேண்டுமென்றால், முகத்தை ஒரு தாளிலும் துளியை வேறு தாள்களிலும் வரையலாம். முகத்தாள் அப்படியே இருக்கும். துளி இருக்கும் தாளை மட்டும் ஒவ்வொரு படமாக மாற்றுவார்கள். முகம் அசையாதிருக்கக் கண்ணீர் மட்டும் இறங்கும் அந்தச் சலனமின்மை ஜப்பானிய அனிமேஷனுக்குக் கைவந்த கலை. டிஸ்னி படங்களில் துயரப்படும் பாத்திரம் தோள் குலுங்க, கை பிசைய, முழு உடலோடு அசையும். இங்கே உருவம் உறைந்து நிற்க, காற்றில் ஆடும் ஆடையோ நகரும் மேகமோ துயரத்தைச் சொல்லும்.

வேட்டி மடிப்பு எப்படி விழும், பெரியவர் காலில் எப்படி விழுவார்கள், ஆசி கூறும் கை எந்த உயரத்தில் நிற்கும் என்பவை ஜப்பானிய ஓவியர்களுக்குப் புதியவை. ராம் மோகனும் அவருடன் சென்ற இந்தியக் கலைஞர்களும் இவற்றைச் சொல்லிக்கொடுத்தனர். பாதுகைக் காட்சி போன்ற இடங்களில் உணர்ச்சி பிசகாமல் நிற்பதற்கு அந்தக் கவனமே காரணம்.

ஷியாம் பெனகலின் படங்களுக்கு இசையமைத்த வன்ராஜ் பாட்டியா இப்படத்துக்கும் இசையமைத்தார். ஆங்கில மூலத்தில் பாடல்கள் சமஸ்கிருதத்தில் அமைந்தன. இந்தி வடிவத்தில் ராமனுக்கு அருண் கோவிலும், ராவணனுக்கு அம்ரிஷ் புரியும் குரல் கொடுத்தனர். ‘த பிரின்ஸ் ஆஃப் லைட்’ என்ற அமெரிக்க வடிவத்தில் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் கதை சொன்னார். ராமனுக்குக் குரல் கொடுத்தவர் பிரையன் கிரான்ஸ்டன்.

கம்பன் வழிப் பார்வை

தமிழ்ப் பார்வையாளர் இப்படத்தைக் கம்பனோடு ஒப்பிடாமல் பார்ப்பதில்லை. கம்பனில் ராவணன் சீதையைத் தீண்டாமல் பர்ணசாலையோடு பெயர்த்தெடுத்துச் செல்கிறான். படம் வால்மீகியைப் பின்பற்றி அவளைக் கையால் பற்றித் தூக்குவதாகக் காட்டுகிறது. கம்பனில் வீடணன் போர்க்களத்தில் கும்பகர்ணனைத் தேடிச் சென்று தங்கள் பக்கம் வரும்படி அழைக்கிறான். உண்ட சோற்றுக்கு நன்றி மறவாத அண்ணன் மறுக்கிறான். சாகும் முன் தம்பியைக் காக்கும்படி ராமனிடமே வேண்டுகிறான். அந்த உருக்கம் படத்தில் இல்லை. இங்கே கும்பகர்ணன் பேருருவ அரக்கன், போரின் பிரமாண்டத்துக்குரியவன். படத்தின் ஒரே பெரிய குறை இது.

பரதனைப் பொறுத்தவரை, கே. சோமு இயக்கிய ‘சம்பூர்ண ராமாயணம்’ (1958) தமிழர்க்கு ஏற்கெனவே ஓர் அளவுகோலைத் தந்திருந்தது. அதில் சிவாஜி கணேசன் பரதனாக நடித்தார்; ராஜாஜி அந்த நடிப்பைப் பாராட்டினார். சிவாஜியின் பரதன் குரலாலும் உடலாலும் உருக்கினான். ஓவியப் பரதன் அடக்கத்தால் உருக்குகிறான். இரண்டும் தம்தம் வழியில் முழுமையானவை.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரம்

ராமகதை, ஜப்பானிய–இந்தியக் கூட்டுறவு என்ற இப்படத்தின் இரண்டு இழைகளும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் சந்திக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர், 1017இல் ராமானுஜர் பிறந்த ஊர். தம் தாய்மாமன் பெரிய திருமலை நம்பியிடம் அவர் திருப்பதியில் ராமாயணத்தின் உட்பொருளைப் பயின்றார் என்பது வைணவ மரபு. அம்மரபு ராமாயணத்தைச் சரணாகதி சாத்திரமாகக் கொள்கிறது; வீடணன் அடைக்கலம் அதன் நடுமணி. படத்தின் வீடணன் காட்சியை வெறும் கதைத் திருப்பமாகக் கொள்ளாமல் அவலத்தின் உச்சங்களுள் ஒன்றாகக் கொள்வதற்கு இந்த உரைமரபே ஆதாரம்.

மற்றொன்று தொழில். ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் கார் ஆலை திறக்கப்பட்டது. கோமட்சு அங்கேயும், யமஹா வல்லம் வடகாலிலும் ஆலை நடத்துகின்றன. ஜப்பானிய வேலைமுறையும் தமிழ்க் கைகளும் அன்றாடம் ஒன்றுசேரும் இடம் இது. சாகோவும் ராம் மோகனும் ஓவிய மேசையில் கண்ட கூட்டுறவு இங்கே பட்டறையில் நடக்கிறது. தென்மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகாரிலிருந்தும் வந்து, வாடகை அறையில் தங்கி, ஷிப்ட் முறைப்படி கம்பெனி பஸ் ஏறும் இளைஞர்களுக்கு, பெற்றவரை விட்டுப் பிரியும் காட்சி தங்கள் வீட்டு வாசலில் நடந்தது. அவர்கள் தமிழிலும் இந்தியிலும் பார்க்கக் கூடிய படம் இது என்பது தற்செயலான நன்மை.

வெளியீடும் இன்றைய நிலையும்

1993 இந்தியச் சர்வதேசத் திரைப்பட விழாவில் படம் திரையிடப்பட்டது. 1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்டதை அடுத்து நிலவிய சூழலில் திரையரங்குகளில் பரவலாக வெளிவரவில்லை. கார்ட்டூன் நெட்வொர்க் ஒளிபரப்பின் வழியே ஒரு தலைமுறைக் குழந்தைகளைச் சென்றடைந்தது. சாகோ 2012இல் மறைந்தார். ராம் மோகன் 2014இல் பத்மஸ்ரீ பெற்று 2019இல் மறைந்தார். 2025 ஜனவரி 24 அன்று 4கே தரத்தில் தமிழ், தெலுங்கு, இந்தி, ஆங்கிலத்தில் இந்தியத் திரையரங்குகளில் வெளியாயிற்று.