நிறுத்தக்கூடாத குளிசை

ஒரு மருந்து கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு வேறு. அது நோயாளியின் கையை வந்தடைந்த வரலாறு வேறு. முன்னதில் அறிஞர் பெயர்கள் வருகின்றன. பின்னதில் கப்பல்களும் சோதனைச் சாவடிகளும் வருகின்றன. விலைப்பட்டியல்களும் யுத்தங்களும் வருகின்றன. வலிப்பு நோய்க்கும் நரம்பு வலிக்கும் உரிய மருந்துகளைப் பற்றி வன்னி மண்ணில் நின்று பேசுவோர் இவ்விரண்டையும் சேர்த்தே பேசவேண்டியவராவர். ஏனெனில் இவை காய்ச்சலுக்கு இரண்டு நாள் விழுங்கி மறந்துவிடும் குளிசைகள் போன்றவையல்ல. நாள் தவறாது, ஆண்டுக்கணக்காக உண்ணப்படுபவை. திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஊறு செய்யவல்லவை. இவற்றைப் பாதுகாப்பாக உட்கொள்வது நோயாளியின் ஒழுங்கை மட்டும் பொறுத்ததா? வரலாறு வேறு விடை கூறுகிறது.

நந்திக்கடலின் கரையில் உள்ளது வற்றாப்பளை. வைகாசிப் பொங்கலின்போது கடல்நீரில் விளக்கெரியும் கண்ணகை அம்மன் கோயிலால் நாடெங்கும் அறியப்பட்ட ஊர் அது. அம்மையும் கொள்ளைநோயும் கிராமங்களைச் சூறையாடிய காலத்தில், மருந்தற்ற மக்கள் தம் துயரைத் தெய்வத்தின் வாசலிலேயே இறக்கிவைத்தனர். அதனை ஏளனம் செய்வது நம் நோக்கமன்று; வைத்தியசாலை இல்லாத இடத்தில் நேர்த்திக்கடனே வைத்தியமாகும். ஆயினும் வலிப்பு நோயாளருக்கு நேர்ந்த கதி அதனினும் கொடிது. காக்கை வலிப்பு என்றும் பேய்க்குற்றம் என்றும் பெயரிட்டு, அவர்களை மணவறையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் சமுதாயம் விலக்கி வைத்தது. வலிப்பு வந்தவன் கையில் இரும்புத் திறப்பைத் திணிக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. பெரும்பாலும் ஒரு சில நிமிடங்களில் வலிப்புத் தானாகவே ஓய்ந்துவிடும். புகழ் திறப்புக்குப் போய்விடும்! செய்யவேண்டியது எளிது: தலையின் கீழ் மெத்தென்ற துணியை வைத்து, ஆளை ஒரு பக்கமாகச் சரித்துவிட வேண்டும். வாயினுள் எதனையும் திணிக்கலாகாது. கைகால்களை அழுத்திப் பிடிக்கலாகாது. 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, தெளியாமல் மீண்டும் வந்தாலோ உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

வலிப்பு மூளையில் தோன்றும் நோய் என்பது கிரேக்க நாட்டில் ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. ஆனால் பயன்தரும் மருந்துக்கு மனிதகுலம் 19ஆம் நூற்றாண்டு வரை காத்திருந்தது. 1857இல் இலண்டன் மருத்துவர் சார்ல்ஸ் லோகொக், பொட்டாசியம் புரோமைட்டு வலிப்பைத் தணிப்பதை அறிவித்தார். 1912இல் ஜெர்மனியின் அல்பிரட் ஹவுப்ட்மன், தூக்கத்துக்குக் கொடுத்த பீனோபார்பிட்டல் வலிப்பையும் குறைப்பதைக் கண்டார். கோடிக்கணக்கானோருக்கு வாழ்வளித்த அந்த மனிதர், யூதர் என்ற ஒரே காரணத்தால் 1938இல் நாசிகளின் டக்காவு முகாமில் அடைக்கப்பட்டு, பின்னர் நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. அதே 1938இல் அமெரிக்காவில் மெரிற்றும் பற்னமும் பீனிட்டோயினின் பயனை வெளியிட்டனர். 1953இல் சுவிற்சர்லாந்தின் கைகி நிறுவனத்தில் கார்பமசெப்பின் உருவாயிற்று. 1960களில் பிரான்சில் வல்புரோயேற்று வந்தது.

இவற்றுள் கார்பமசெப்பினின் கதை தனியானது. முகத்தில் மின்னல் வெட்டுவது போன்று வரும் நரம்பு வலிக்கு அது நல்ல பயன் தருவதை 1962இல் சுவீடன் மருத்துவர் ஒருவர் எடுத்துக்காட்டினார். வலிப்பின் மருந்து வலிக்கும் மருந்தானது எவ்வாறு? குளத்துத் துருசை அறிந்த வன்னி மக்களுக்கு இது விளங்காததன்று. நரம்பணுவின் சுவரில் சோடியமும் கல்சியமும் நுழையும் நுண்ணிய வாயில்கள் உள்ளன. அவை அளவின்றித் திறந்துகொண்டால், மூளையில் அது வலிப்பாகவும், காயமுற்ற நரம்பில் எரிவாகவும் குத்தாகவும் வெளிப்படும். கார்பமசெப்பின் சோடிய வாயிலை அடக்குகிறது; 1990களில் வந்த கபபென்ரினும் 2004இல் வந்த பிரிகபலினும் கல்சிய வாயிலின்மீது செயற்படுகின்றன. மருந்து துருசுப் பலகையைப் போன்றது. பலகையை ஒரே இழுப்பாக இழுத்து எறிந்தால் அடங்கிய நீர் முன்னிலும் மூர்க்கமாகப் பாயும். மருந்தைத் திடீரென நிறுத்துவோருக்கு இடைவிடாத வலிப்பு நேர்வது இதனாற்றான். நிறுத்தவேண்டிய தேவை வந்தாலும் வைத்தியரின் கண்காணிப்பில், வாரக்கணக்காகவோ மாதக்கணக்காகவோ படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

இங்குதான் வன்னியின் வரலாறு குறுக்கிடுகிறது. 1990களில் வன்னிக்குள் வரும் பொருள்கள் பாதுகாப்பு அமைச்சின் அனுமதிக்கு உட்பட்டிருந்தன. மருந்தும் அதற்கு விலக்கன்று. 2009இல், பெப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையே, செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் கரைகளிலிருந்து காயமுற்றோரை ஏற்றிச் சென்றது. வைத்தியசாலைகளே இடம்பெயர்ந்த அந்நாட்களில், வேளை தவறாமல் குளிசை உண்ணுமாறு யாருக்கு யார் அறிவுரை கூறுவது? அந்த யுத்தம் ஓய்ந்தபின், எறிகணைச் சிதறல்களை உடலிற் சுமந்தவர்களும், இல்லாத காலில் எரிவை உணர்பவர்களும் இம்மண்ணின் நிரந்தர நோயாளராயினர். 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது நாடு முழுவதும் மருந்துத் தட்டுப்பாடு வந்தது. முற்றுகை, போர், கடன் என மூன்று முறை துருசுப் பலகை உருவப்பட்டது. உருவியவர்கள் நோயாளிகள் அல்லர்.

இதனை முன்னுணர்ந்த அறிஞர் ஒருவர் இந்நாட்டிலேயே இருந்தார். மருந்தியற் பேராசிரியர் சேனக்க பிபிலே, டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து 1971இல் அளித்த அறிக்கையின் வழியே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. மருந்தை நிறுவனம் சூட்டிய வணிகப்பெயரால் அன்றிப் பொதுப்பெயரால் வாங்குதல், தேவையானவற்றை மட்டும் இறக்குமதி செய்தல், உலகச் சந்தையில் விலை கேட்டு வாங்குதல் ஆகியன அவர் கொள்கைகள். பன்னாட்டு நிறுவனங்கள் சீறின. 1977இல் உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது; அதே ஆண்டில், உலக நாடுகளுக்கு இதே பணியைச் செய்யச் சென்ற பிபிலே கயானாவில் மறைந்தார். மருந்துகளைக் கட்டுப்படுத்தும் தேசிய அதிகாரசபைக்குரிய சட்டம் 2015இற்றான் வந்தது.

பொதுப்பெயர் விலையைக் குறைக்கும் வழி மட்டுமன்று. அது பாதுகாப்பும் ஆகும். ஒரே கார்பமசெப்பினை இரு கடைகளில் இரு வணிகப்பெயர்களில் வாங்கி, இரண்டையும் விழுங்குவோர் நஞ்சையே விழுங்குகின்றனர். அதேவேளை, பீனிட்டோயின், கார்பமசெப்பின் போன்றவற்றில் ஒரு நிறுவனத்தின் குளிசைக்குப் பதில் வேறொன்றை அடிக்கடி மாற்றுவதும் நன்றன்று. சிறு வேறுபாடும் வலிப்பைத் திரும்ப அழைக்கலாம். குளிசையின் நிறமோ வடிவமோ மாறினால் கேட்டறிவது நோயாளியின் உரிமை.

இனி, ஒவ்வொரு மருந்துக்கும் உரிய எச்சரிக்கைகளை ஊரார் அறிந்திருத்தல் வேண்டும். கார்பமசெப்பின் தொடங்கிய முதற்சில வாரங்களில் தோலில் தடிப்போ வாயிற் புண்ணோ தோன்றினால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்; ஆசிய மக்களிற் சில பிரிவினரிடம் காணப்படும் மரபுக்கூறு ஒன்று இந்த அபாயத்தைக் கூட்டுகிறது. பீனிட்டோயினின் அளவைச் சிறிது கூட்டினாலும் குருதியில் அது பன்மடங்கு உயரக்கூடும். கண் ஆடினால், நடை தள்ளாடினால் அது மிஞ்சிவிட்டதன் அறிகுறி. வல்புரோயேற்று உண்ணும் தாய்மாரின் குழந்தைகள் 100 பேரில் ஏறத்தாழ 10 பேருக்குப் பிறவிக் குறைபாடும், 30 முதல் 40 பேருக்கு வளர்ச்சிக் குறைபாடும் நேரலாம். ஆகவே பிள்ளைப்பேற்றுக்கு முன்பே வைத்தியரோடு பேசவேண்டும். கருவுற்றதை அறிந்த அச்சத்தில் மருந்தைத் தானாக நிறுத்துவதும் பேராபத்தாகும். கபபென்ரினும் பிரிகபலினும் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுபவை. காரணம் தெளியாத சிறுநீரக நோய் வவுனியா வரை பரவியுள்ள நிலத்தில், சிறுநீரகத்தைப் பரிசோதித்தே அளவைத் தீர்மானிக்க வேண்டும். மதுவோடும் அபினி வகை வலிமருந்தோடும் இவை சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம். பிரிகபலின் போதைக்காக விற்கப்பட்டுப் பிடிபடும் செய்திகளை நாளிதழ்களிற் காண்கிறோம். வலியில் வாடுவோரின் மருந்து இளைஞரைக் கெடுக்கும் சரக்காகும் நாட்டில், குளிசையைப் பூட்டிவைப்பதும் வைத்தியத்தின் ஒரு பகுதியே.

இவற்றையெல்லாம் மக்கள் எந்த மொழியில் அறிவது? 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன், மானிப்பாயில் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார்; மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அந்த நூற்றாண்டில் இயன்றது இந்த நூற்றாண்டில் இயலாதா? மருந்துப் பெட்டியினுள் மடித்து வைக்கப்படும் தாள், வற்றாப்பளைத் தாய்க்கு விளங்காத மொழியிலேயே இன்றும் பெரும்பாலும் அச்சாகிறது. விளங்காத எச்சரிக்கை எச்சரிக்கையாகாது.

வைகாசிப் பொங்கல் இரவில் ஊரே கண்விழிக்கும். உறக்கமின்மையும் உண்ணாநோன்பும் தவறவிட்ட குளிசையும் ஒன்றுசேர்ந்தால் வலிப்பு வரக் காத்திருக்கும். நேர்த்தியைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. மடியில் நீர்ப்போத்தலும் அன்றைய குளிசையும் இருக்கட்டும் என்கிறோம். ஒருவேளை மறந்தால் நினைவு வந்தவுடன் உண்ணலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் இரட்டிப்பாக உண்ணலாகாது. கிளினிக் கொப்பியைப் பத்திரப்படுத்தி, வேறு எந்த வைத்தியரிடமும் பரியாரியிடமும் சென்றாலும் அதைக் காட்ட வேண்டும். ஆசிரியர்களாகிய நமக்கும் கடமையுண்டு: வகுப்பில் வலிப்பு வந்த பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடாமல், தெளிந்தபின் அதே வாங்கில் அமர்த்துவது நம்மிடமிருந்தே தொடங்கவேண்டும்.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டு. முறையாக மருந்து கிடைத்தால் அவர்களுள் 100க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முறையாக உண்பது நோயாளியின் பொறுப்பு. முறையாகக் கிடைக்கச் செய்வது அரசின் பொறுப்பு. கிராம வைத்தியசாலையின் அலுமாரியில் அடுத்த மாதத்துக் குளிசை இன்றே இருக்கவேண்டும். அதன் உறையில் தமிழ் இருக்கவேண்டும். நாம் கேட்பது இவ்வளவே. இதனைக் கொடுக்காத வரையில், மருந்தை ஒழுங்காக உண்ணவில்லை என்று ஏழை நோயாளியைக் கடிந்துகொள்ள எவருக்கும் உரிமையில்லை.