பார்க்க வந்தவர்கள்

நம் தேசத்தில் யாத்திரை போகிறவன் உண்கிறவன். வழியில் குடியிருக்கிறவன் இடுகிறவன். காசியிலிருந்து ராமேசுவரம் வரையில் சத்திரம் கட்டி வைத்தவர்களெல்லாம் இந்த ஏற்பாட்டில்தான் கட்டினார்கள். நெய்வேலியிலிருந்து பஸ்ஸில் அரைமணியில் வடலூர் வந்துவிடும். அங்கே 1867-ம் வருஷம் இராமலிங்க அடிகள் மூட்டி வைத்த தருமசாலை அடுப்பு இன்றைக்கும் அணையவில்லை. எந்த ஊர்க்காரனானாலும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

ஊர் பார்க்க வந்தவன், தான் பார்க்க வந்த ஊர்க்காரனுக்கே உபகாரம் செய்துவிட்டுப் போவது இதற்கு நேர் தலைகீழ். மேல்நாடுகளில் இது இப்போது ஒரு வியாபாரமாகவே நடக்கிறது. பத்து நாள் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சேவை, நாலு நாள் மகாபலிபுரமும் தஞ்சாவூரும், இரண்டுக்கும் சேர்த்து இத்தனை டாலர் என்று கட்டணம். கேட்டதும் சிரிப்பு வருகிறது. ஆனால் இந்தக் கலப்பின் பழைய கதையைக் கொஞ்சம் விசாரித்தால் சிரிப்பு அடங்கிவிடுகிறது. அதில் ஒரு பகுதி எங்கள் சுரங்கத்துக்குக் கிழக்கே, பரங்கிப்பேட்டையிலேயே நடந்திருக்கிறது.

நெய்வேலிக்காரர்களுக்கு வெள்ளைக்காரர்கள் புதிதல்ல. 1957 மே மாதம் நேருஜி வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்த பிறகு, ஜெர்மனியிலிருந்து மண் வெட்டும் ராட்சத யந்திரங்கள் வந்தன. அனல் மின்நிலையம் கட்ட ருஷ்யர்கள் வந்தார்கள். அவர்கள் சம்பளத்துக்கு வந்த நிபுணர்கள். வேலை நாளில் வேலை, விடுமுறை நாளில் வேடிக்கை. அதில் குழப்பம் ஒன்றுமில்லை.

பரங்கிப்பேட்டைக்கு வந்த அம்மாளின் கதை வேறு. ஆன் மேரி பீட்டர்ஸன் டென்மார்க்குக்காரர். 1909-ல் மிஷன் சங்கத்தின் சார்பில் தமிழ்நாட்டுக்கு வந்தவர். பெண் குழந்தைகளுக்கு எப்படிப் பள்ளிக்கூடம் நடத்துவது என்று தெரிந்துகொள்வதற்காக, எஸ்தர் ஃபேரிங் என்ற இளம் டேனிஷ் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வடக்கே ஒரு சுற்றுப்பயணம் போனார். ஊர் ஊராகப் பள்ளிகளைப் பார்த்துக்கொண்டு போனவர்கள், 1917 ஜனவரியில் அகமதாபாத்தில் காந்தியடிகளின் ஆசிரமத்துக்கும் போய்ச் சேர்ந்தார்கள். போனது பார்ப்பதற்குத்தான். பார்த்ததோடு நின்றிருந்தால் நமக்குக் கதையில்லை.

மிஷன் சங்கத்துக்கு இந்தச் சிநேகம் பிடிக்கவில்லை. 1920-ல் பீட்டர்ஸன் சங்கத்தை விட்டு விலகினார். சர்க்கார் மானியத்தை எதிர்பாராத ஒரு பெண்கள் பள்ளியைப் பரங்கிப்பேட்டையில் தொடங்க முனைந்தார். சேவாமந்திர் என்ற அந்த ஸ்தாபனத்துக்கு 1921 செப்டம்பரில் அஸ்திவாரக் கல் நாட்டியவர் காந்தியடிகள். (அதே மாதம் 22-ந் தேதி மதுரையில்தான் அவர் மேலுடையைத் துறந்து அரை வேஷ்டிக்கு மாறினார்.) எஸ்தர் ஒரு மலையாள டாக்டரை மணந்துகொண்டார். பீட்டர்ஸன் அம்மாள் 1951-ல் காலமாகும் வரையில் பரங்கிப்பேட்டையை விடவில்லை. சுற்றுலாக் கட்டணத்தில் இதற்கு இடமேது!

எல்லோரும் நாற்பது வருஷம் தங்க முடியுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கொஞ்ச காலமே தங்குகிறவனுக்கும் ஒரு வழி உண்டென்று காட்டியவர் பியர் செரஸோல் என்ற ஸ்விஸ் எஞ்சினீயர். அவருடைய தகப்பனார் ஸ்விட்ஸர்லாந்தின் ஜனாதிபதியாக இருந்தவர். பிள்ளையோ வாலிபத்தில் அமெரிக்கா, ஹவாய், ஜப்பான் என்று உலகம் சுற்றி, போன இடத்தில் கிடைத்த வேலையைச் செய்து பிழைத்தவர். முதல் மகாயுத்தம் முடிந்ததும், 1920-ல், வெர்டன் போர்க்களத்தின் அருகே நாசமான ஒரு பிரெஞ்சுக் கிராமத்துக்குச் சில தோழர்களுடன் போய் இடிபாடுகளை அகற்றி, வீடுகளைக் கட்ட ஆரம்பித்தார். தோழர்களில் ஜெர்மானியரும் இருந்தார்கள். அதனாலேயே சில மாதங்களில் வேலையை நிறுத்தும்படி ஆயிற்று. பகைவன் எடுத்துக் கொடுக்கும் செங்கல்லும் கசக்கத்தான் செய்யும் போலிருக்கிறது.

1934 ஜனவரி 15-ல் பீகாரில் பூகம்பம். நிவாரணக் கமிட்டிக்கு ராஜேந்திர பிரசாத் தலைவர். செரஸோலுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயதிருக்கும். அந்த வருஷமே பீகாருக்கு வந்தார். எடுத்தவுடனே மண்வெட்டியைத் தூக்கவில்லை. முதலில் வந்து பார்த்தார். என்ன தேவை என்று கேட்டார். ஊருக்குத் திரும்பிப் போய்த் தோழர்களைச் சேர்த்துக்கொண்டு மறுபடி வந்தார். வெள்ளத்தில் மூழ்கும் தாழ்ந்த பூமியிலிருந்து குடிகளை மேட்டுக்கு மாற்றி வீடு கட்ட வேண்டியிருந்தது. முஜாபர்பூர் ஜில்லாவில் அப்படி எழுந்த ஊர்களில் ஒன்றுக்குச் சாந்திபூர் என்று பெயர். 1937 வரையில் அந்த வேலை நடந்தது.

அவருடைய இயக்கத்தில் சில கறாரான விதிகள் உண்டு. தொண்டனுக்குக் கூலி கிடையாது. ஊரார் கேட்ட வேலையைத்தான் செய்யலாம். உள்ளூர்க் கூலிக்காரன் பிழைப்பைக் கெடுக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை நான் முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். தர்மம் செய்கிறவன் அடுத்தவன் கூலியைப் பற்றி நினைப்பது அபூர்வம்.

2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் எங்கள் ஜில்லாவைப் புரட்டிப் போட்டது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. மரத்தை அறுத்து அப்புறப்படுத்தினால்தான் மறுபடி கன்று வைக்கலாம். வேன் நிறைய வந்து இறங்கிய அயல்நாட்டு இளைஞர்கள், நல்ல பிள்ளைகள்தான், பள்ளிக்கூடச் சுவருக்கு நீல வர்ணம் அடித்தார்கள். ரம்பம் பிடிக்க அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. வர்ணம் அடிக்கிறவர் அந்த ஊரிலேயே இரண்டு பேர் வேலையில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள்.

சுவரோடு போனால் குற்றமில்லை. கம்போடியாவில் குழந்தைகளோடு கொஞ்சிவிட்டுப் போக வரும் பிரயாணிகளுக்காகவே அநாதை விடுதிகள் பெருகின. விசாரித்துப் பார்த்தபோது, விடுதிக் குழந்தைகளில் நாலில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடிருந்தது தெரிந்தது. பார்க்க வருகிறவனுக்குக் காட்ட வேண்டுமே என்பதற்காகப் பெற்றவளிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பதை எந்தக் கணக்கில் எழுதுவது?

சென்ற வருஷம் டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கிலுள்ள நண்பர் ஒருவர் வந்தார். வெளிநாட்டில் வளரும் அவர் பேத்திக்கு விடுமுறையில் பதினைந்து நாள் கிராமத்தில் சேவை செய்ய ஆசையாம். கோயில்களையும் பார்க்க வேண்டுமாம். எனக்குத் தெரிந்த ஒரு கிராமப் பள்ளியின் தலைமையாசிரியை அம்மாளிடம் போய்க் கேட்டேன்.

"வரச் சொல்லுங்க சார்" என்றார். "பாடம் நடத்த வேண்டாம். பதினைந்து நாளில் போகிறவங்க கிட்டே பிள்ளைங்க ஒட்டிக்கிட்டா அப்புறம் எங்களுக்குத்தான் கஷ்டம். அலமாரியிலே நானூறு புத்தகம் எண் போடாமல் கிடக்குது, அதை அடுக்கிக் கொடுக்கட்டும்."

சற்று யோசித்துவிட்டு மேலும் சொன்னார்: "கோயில் பார்க்கணும்னீங்களே, சிதம்பரம் போறப்போ அஞ்சாம் வகுப்புப் பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க. பஸ் சார்ஜை அந்தப் பொண்ணு போட்டால் போதும். இதுங்கள்ளே பாதி அந்தக் கோபுரத்தைப் பார்த்ததே இல்லை."