பைடனும் கமலாவும் நம்ம ஊரா?

2020 நவம்பரில் அமெரிக்கத் தேர்தல் முடிவு வந்ததும் சென்னையில் ஒரு பேச்சு கிளம்பியது. அதிபர், துணை அதிபர் இருவருக்குமே சென்னையோடு உறவாம்! உண்மையா?

கமலா ஹாரிஸ் விஷயத்தில் சந்தேகமே இல்லை. தாத்தா பி.வி.கோபாலனின் பூர்வீகம் மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரம். மத்திய அரசு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றபின் பெசன்ட் நகரில் குடியிருந்தார். தாத்தாவோடு அந்தக் கடற்கரையில் நடந்ததைக் கமலா பலமுறை சொல்லியிருக்கிறார். அம்மா சியாமளா 1958ல் படிப்பதற்காக அமெரிக்கா போனவர். 2009ல் அவர் காலமானதும் அஸ்தி சென்னைக்கு வந்து வங்கக் கடலில் கரைந்தது.

ஜோ பைடன் கதை வேறு. 1972ல் செனட்டராகத் தேர்வானபோது மும்பையிலிருந்து ஒரு பைடன் தனக்குக் கடிதம் எழுதியதாக 2013ல் மும்பையில் அவரே சொன்னார். தன் முன்னோர் ஒருவர் கிழக்கிந்தியக் கம்பெனியில் இருந்ததாகவும் சொன்னார். தேடியவர்கள் வந்து நின்ற இடம் சென்னை கதீட்ரல் சாலை, செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல். அங்கே சுவரில் கிறிஸ்டோபர் பைடனுக்கு ஒரு நினைவுக் கல் இருக்கிறது. கம்பெனிக் கப்பல்களின் கேப்டன். பிறகு சென்னைக் கடற்கரையின் கப்பல் போக்குவரத்தைக் கவனித்த அதிகாரி. அப்போது இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும், மசூலா படகில்தான் ஆளும் சரக்கும் கரை சேரும். 1858ல் அவர் இறந்தார்.

சரி, இவர் ஜோ பைடனின் தாத்தாவா? ஜோ பைடனின் நேர் முன்னோரான வில்லியம் பைடன், இங்கிலாந்தின் சசெக்ஸிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேரிலாந்து போனவர். ஆக, கிறிஸ்டோபர் நேரடித் தாத்தா இல்லை. பங்காளியாக இருக்கலாம். அதற்கும் ஞானஸ்நானப் பதிவு, திருமணப் பதிவு என்று ஏதாவது வேண்டும். அப்படி நிரூபிக்கும் ஆவணம் எதுவும் வெளிவரவில்லை. இருப்பது பெயர்ப் பொருத்தம் மட்டுமே.

இங்கேதான் நம்ம ஊர் இனிஷியலின் அருமை தெரிகிறது. கோபாலனின் "பி" பைங்காநாடு என்ற ஊர். "வி" அவர் அப்பா வெங்கட்ராமன். இரண்டே எழுத்தில் ஊரும் தகப்பனும் வந்துவிடுகின்றன. தேடுகிறவர் எங்கே போய் யாரை விசாரிக்க வேண்டும் என்பது பெயரிலேயே இருக்கிறது. "பைடன்" என்ற குடும்பப் பெயரோ எந்த ஊர், யார் மகன் என்று எதையும் சொல்வதில்லை.

தாம்பரத்தில் எத்தனையோ வீடுகளில் இன்று பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே பிறக்கும் பேரக் குழந்தைக்கு இனிஷியல் போய்க் குடும்பப் பெயர் வந்துவிடுகிறது. நூறு வருடம் கழித்து அந்த வம்சம் தன் ஊரைத் தேடினால்? தாத்தா பாட்டி இருக்கும்போதே ஊர், பெயர், பிறந்த வருடம் மூன்றையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள், நண்பர்களே!