பற்றுறுதியும் ஒன்றிப்பும்: புதுவை கண்ட வழக்கு

கோட்பாட்டில் உறுதி தளராமலும் பிறரோடு உறவு முறியாமலும் ஒரு சமயம் வாழ இயலுமா? கத்தோலிக்க உலகில் இன்றளவும் ஓயாத இவ்வினா, புதுவைக்குப் புதியதன்று. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இக்கடற்கரை நகரில் அது பெருவழக்காக எழுந்தது.

1703 நவம்பரில் திருத்தந்தையின் தூதராகப் புதுவை வந்திறங்கினார் தெ தூர்னோன். இயேசு சபையார் தமிழ் மக்களின் பழக்கவழக்கங்கள் பலவற்றை ஏற்று மறைபரப்பி வந்தனர்; கப்புச்சின் துறவியர் அதனைக் கண்டித்தனர். உள்நாட்டு மறைத்தளங்களைச் சென்று காணாமலே 1704 ஜூனில் தூதர் ஆணை வரைந்தார். திருமுழுக்கில் உமிழ்நீர் தொடும் சடங்கை விடலாகாது. பிள்ளையார் உருப்பொறித்த தாலி ஆகாது. ஒடுக்கப்பட்ட மக்களின் இல்லங்களுக்கும் குருமார் சென்று நோயாளருக்கு அருளடையாளம் வழங்குதல் வேண்டும் என்பன அவற்றுட் சில. 1744இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் இதனை உறுதிசெய்தார்.

இவ்வாணையைத் தமிழ் மரபின்மீது விழுந்த அடி என்று மட்டும் கூறிவிடல் பொருந்தாது. இணக்கம் என்ற பெயரால் சாதி வேலி காக்கப்பட்டது; கண்டிப்பு என்ற பெயரால் அவ்வேலியில் ஒரு வழி திறக்கப்பட்டது. ஆகவே, நெகிழ்ச்சி யாவும் அன்புமன்று. உறுதி யாவும் கொடுமையுமன்று.

இதனிடையே 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் திருச்சபையின் சீகன்பால்கு, 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார். வீரமாமுனிவர் 'வேத விளக்கம்' எழுதி லுத்தரன் கொள்கையை மறுத்தார். காலப்போக்கில் கிறித்தவத் தமிழே இரண்டாகப் பிரிந்தது. ஒருசாரார்க்குச் சேசுநாதர், சர்வேசுரன். மறுசாரார்க்கு இயேசு, பராபரன். ஒரே தெருவில் வாழ்ந்தோர் ஒரே ஆண்டவரை இருவேறு பெயரால் அழைத்தனர்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் கிறித்தவ ஒன்றிப்புக்கான விதித்தொகுப்பை வெளியிட்டது. மறுஆண்டு, பிற திருச்சபையாரோடு இணைந்து விவிலியம் பெயர்க்கவும் இசைவளித்தது. அதன் பயனைத் தமிழுலகம் 1995இல் கண்டது. புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சார்ந்த திண்டிவனத்தில் இயங்கும் கத்தோலிக்க விவிலிய நடுநிலையமும் இந்திய வேதாகமச் சங்கமும் இணைந்து பொது மொழிபெயர்ப்பாகிய 'திருவிவிலியம்' நூலை வெளிக்கொணர்ந்தன.

இங்கேதான் பழைய வினா மீண்டும் தலைதூக்குகிறது. 1546இல் திரெந்து பொதுச்சங்கம் திருமுறை நூல்களென அறுதியிட்டவற்றுள் ஏழினைச் சீர்திருத்தச் சபையார் ஏற்பதில்லை. பொதுநூலில் அவை நீக்கப்படவில்லை. பழைய ஏற்பாட்டோடு கலக்கப்படவும் இல்லை. 'இணைத் திருமுறை நூல்கள்' எனத் தனித்து, இரு ஏற்பாடுகளுக்கும் இடையே வைக்கப்பட்டன. இது விட்டுக்கொடுத்தலே எனக் கருதுவோர்க்கும் ஒரு நியாயம் உண்டு: வரிசை என்பதும் ஒரு போதனையன்றோ! ஆயினும் கத்தோலிக்கர் எந்த நூலையும் இழக்கவில்லை; மறுசாரார் எதனையும் ஏற்குமாறு வற்புறுத்தப்படவுமில்லை.

போலி அமைதியின்பொருட்டு மறையுண்மையை மழுப்பலாகாது என ஒன்றிப்பு விதித்தொகுப்பே எச்சரிக்கின்றது. வேற்றுமையை மறைக்காமல், அதற்குரிய இடத்தைக் கொடுத்துவிட்டு ஒன்றாக அமர்ந்து பணிபுரிதலே உண்மையான ஒன்றிப்பு. 1704இல் புதுவையில் ஒரு தரப்பு ஆணையிட்டது, மறுதரப்பு முறையிட்டது. 1995இலோ இரு தரப்பாரும் ஒரே மேசையில் சொல் தேர்ந்தனர். வழக்கு முடிந்துவிடவில்லை, வழக்காடும் முறை மாறியிருக்கிறது.